கவிழ்ந்த வேனும் எண்களால் அழைக்கப்பட்ட சிறுவர்களும்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2011ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்னும் சிறு நகரத்தின் வீதிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டார்கள். விளக்குக் கம்பங்கள் சாய்க்கப்பட்டன. தொலைக்காட்சிச் செய்தி வேன் ஒன்றைப் பலர் சேர்ந்து தள்ளிக் கவிழ்த்தார்கள். காவலர்கள் பெப்பர் ஸ்ப்ரே அடித்துக் கூட்டத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் படித்துக்கொண்டிருந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர், சிறுவர்களைப் பல ஆண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்று கைது செய்யப்பட்டு அப்போது நான்கு நாட்களே ஆகியிருந்தன. ஆனால் அந்தக் கூட்டம் வீதிக்கு வந்தது அந்தச் சிறுவர்களுக்காக அன்று. தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவை அறங்காவலர் குழு பதவியிலிருந்து நீக்கிவிட்டது என்பதற்காக.

அந்த இரவின் காட்சிகளை முதன்முறை பார்த்தபோது நானும் எல்லோரையும் போலக் கவிழ்ந்த வேனைத்தான் பார்த்தேன். இளைஞர்களின் முதிர்ச்சியின்மை என்று எண்ணிக் கடந்துபோனேன். வழக்கின் விவரங்களைப் படிக்கப் படிக்கத்தான், அந்தக் கூட்டம் அன்றிரவு திடீரென்று பிறந்ததல்ல என்பது எனக்கு விளங்கியது. இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ‘ஹேப்பி வேலி’, மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு, என்பது அந்தப் பகுதியின் செல்லப் பெயர். ஊரின் மக்கள்தொகை நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டும்; அங்குள்ள பீவர் விளையாட்டரங்கிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். அமெரிக்கக் கால்பந்து என்று நான் குறிப்பிடுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி ஆடும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் மோதும் சனிக்கிழமைகள் அங்கே திருவிழா நாட்கள். அந்தத் திருவிழாவின் மூலவராக 46 பருவங்கள் வீற்றிருந்தவர் ஜோ பட்டர்னோ. அவர் பெற்ற வெற்றிகள் 409. வீரர்கள் படிப்பிலும் தேற வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். பல்கலைக்கழக நூலகத்துக்கு நிதி அளித்தவர். அந்த நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மக்கள் அவர்மீது வைத்திருந்த அன்பு காரணமற்ற அன்பு அன்று. அதனாலேயே இந்தக் கதை கடினமானது.

அவரிடம் பல்லாண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்காக 1977இல் ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய அவரை ஊர் வள்ளலாகப் பார்த்தது. அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் அவர் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார். தந்தையின் அரவணைப்பு கிடைக்காத பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் டிக்கெட்டும், வீரர்களோடு நிற்கும் வாய்ப்பும், உடை மாற்றும் அறைக்குள் நுழையும் பெருமையும் எவ்வளவு பெரியவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1998ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஈரத் தலையோடு வீடு திரும்பினான். ஏன் என்று தாய் கேட்டார். சாண்டஸ்கியோடு ஒரே குளியலறையில் குளித்ததாகப் பிள்ளை சொன்னான். தாய் பல்கலைக்கழகக் காவல் பிரிவில் புகார் செய்தார். சாண்டஸ்கி அந்த வீட்டுக்கு வந்தபோது காவலர்கள் வேறோர் அறையில் மறைந்திருந்து உரையாடலைக் கேட்டார்கள். தான் செய்தது தவறு என்றும், மன்னிப்புக் கிடைக்காது என்பதை அறிவேன் என்றும், செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றுகிறது என்றும் அவர் அந்தத் தாயிடம் சொன்னார். இவ்வளவு நடந்த பின்னும் மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்தார். மறு ஆண்டு சாண்டஸ்கி பதவி ஓய்வு பெற்றார். மரியாதைப் பட்டமும் கால்பந்துக் கட்டடத்தின் சாவிகளும் அவரிடமே இருந்தன.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று நின்று கவனிக்குமாறு வேண்டுகிறேன். 2000ஆம் ஆண்டில், அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பணியாளர் ஒருவர், இரவு நேரத்தில் குளியலறையில் சாண்டஸ்கி ஒரு சிறுவனிடம் செய்த கொடுமையைக் கண்டார். அவர் கொரியப் போரில் போரிட்டவர். போர்க்களத்தில் உடல்கள் சிதறக் கண்டவன் நான், ஆனால் இப்போது கண்டதை என்றும் மறக்க முடியாது என்று சக பணியாளர்களிடம் நடுங்கியபடி சொன்னார். அவருக்கு மாரடைப்பு வந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் ஒருவரும் காவல்துறைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னாளில் விசாரணைக் குழு கேட்டபோது அவர்களுள் ஒருவர் அளித்த விடை, அமெரிக்க ஜனாதிபதியையே எதிர்த்து நிற்பதற்கு ஒப்பானதாக அது தனக்குத் தோன்றியது என்பதாகும். இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவதே கால்பந்துதான் என்றும், வாய் திறந்தால் வேலை போய்விடும் என்றும் அவர்கள் நம்பியிருந்தார்கள்.

அவையோர்களே, அந்தப் பணியாளர்கள் யாருக்கு அஞ்சினார்கள்? சாண்டஸ்கிக்கு அன்று. பட்டர்னோ அவர்களை மிரட்டியதாகவும் எந்தச் சான்றும் இல்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து வேனைக் கவிழ்த்த அந்தக் கூட்டத்தை, அது வீதிக்கு வருவதற்கு முன்பே, துடைப்பம் பிடித்த அந்த மனிதர்கள் தம் மனக்கண்ணில் பார்த்துவிட்டார்கள். தாம் வாய் திறந்தால் இந்த ஊர் யார் பக்கம் நிற்கும் என்ற கணக்கை அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு தப்பவில்லை என்பதற்கு 2011 நவம்பர் 9 சாட்சி.

2001 பிப்ரவரியில் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. அணியில் பயிற்சி உதவியாளராக இருந்த மைக் மெக்குவியரி ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதே கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு கண்டார். மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்குச் சென்று சொன்னார். பட்டர்னோ அதை விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லிக்குச் சொன்னார். அது துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸுக்கும் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியருக்கும் போயிற்று. குழந்தை நலத் துறைக்குத் தெரிவிப்பது பற்றி முதலில் பேசினார்கள். பிறகு அதைக் கைவிட்டு, சாண்டஸ்கியிடமே பேசுவது, தொண்டு நிறுவனத்துக்குச் சொல்வது, சிறுவர்களைக் கட்டடத்துக்குள் அழைத்து வர வேண்டாம் என்று அவருக்கு அறிவுறுத்துவது என்று முடித்துக்கொண்டார்கள். அந்த வழி மனிதாபிமானமும் நியாயமும் உடையது என்று ஸ்பேனியர் மின்னஞ்சலில் எழுதினார். யார்மீது மனிதாபிமானம்? குளியலறையில் நின்ற அந்தச் சிறுவன் யார், அவன் பெயர் என்ன, அவன் வீடு எங்கே என்று அவர்களுள் ஒருவரும் தேடவில்லை. அந்த ஒரு சொல்லைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்றும் நீங்கவில்லை.

சட்டமும் அன்று அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் தம் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாலே கடமை முடிந்தது என்பது அப்போதைய பென்சில்வேனியச் சட்டத்தின் நிலை. இந்த வழக்குக்குப் பிறகுதான், அறிந்தவரே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது திருத்தப்பட்டது. நம் நாட்டில் 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பள்ளிகளிலும் விளையாட்டுப் பயிற்சி மையங்களிலும் பணியாற்றுவோர் இங்கே அமர்ந்திருப்பதால் இதை நினைவூட்டினேன்.

2011 மார்ச் இறுதியிலேயே ஹாரிஸ்பர்க் நகரத்தின் ‘பேட்ரியட் நியூஸ்’ இதழில் சாரா கானிம் என்ற இளம் செய்தியாளர், சாண்டஸ்கிமீது விசாரணை நடப்பதை வெளியிட்டார். நாடு திரும்பிப் பார்க்கவில்லை. நவம்பரில் பட்டர்னோவின் பெயர் அதனோடு சேர்ந்த பிறகே கேமராக்கள் வந்து குவிந்தன. பட்டர்னோவின் வீட்டு முற்றத்தில் மாணவர்கள் கூடி வாழ்த்து முழங்கினார்கள். இன்னும் அதிகம் செய்திருக்கலாமே என்று இப்போது வருந்துவதாக அவர் அறிக்கை விடுத்தார். அன்றிரவே தொலைபேசி வழியாக அவர் நீக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 84. அடுத்த ஜனவரியில் புற்றுநோயால் காலமானார். மெக்குவியரிக்கோ இரு பக்கமும் அடி. அன்றே ஏன் தடுக்கவில்லை என்று ஒரு சாராரும், பட்டர்னோ வீழ இவனே காரணம் என்று மறு சாராரும் தூற்றினார்கள். மிரட்டல்கள் வந்ததால் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர் வர வேண்டாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. பார்த்ததைச் சொன்ன ஒருவருக்கு அந்த ஊரில் நேர்ந்தது இது.

அந்த வாரத்தில் வேறு முகங்களும் இருந்தன. அவற்றை மறைத்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். வேன் கவிழ்ந்த இரண்டாம் நாள் இரவு, பல்கலைக்கழகத்தின் பழைய தலைமைக் கட்டடத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்தி, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மௌனமாக நின்றார்கள். மறுநாள் நெப்ராஸ்கா அணியோடு நடந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் இரு அணி வீரர்களும் மைதானத்தின் நடுவே முழந்தாளிட்டு வேண்டினார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானோருக்கு உதவும் அமைப்புக்குப் பழைய மாணவர்கள் சில வாரங்களில் ஐந்து லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டிக் கொடுத்தார்கள். வெட்கமும் துயரமும் உண்மையாகவே இருந்தன. ஆனால் அதே நாட்களில், முதன்முதலில் துணிந்து பேசி வழக்குக்கு வழி திறந்த பையன், குற்றப்பத்திரிகையில் ‘பாதிக்கப்பட்டவர் 1’ என்று குறிக்கப்பட்டவன், பட்டர்னோவின் வீழ்ச்சிக்கு அவனே காரணம் என்று சக மாணவர்கள் துன்புறுத்தியதால் தன் பள்ளியை விட்டே விலக நேர்ந்தது. மெழுகுவர்த்தி ஏந்தியவர்களின் கண்ணீர் அந்தப் பள்ளியின் வாசல் வரை எட்டவில்லை.

பிறகு வந்தவற்றை விரைந்து சொல்கிறேன். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் சாண்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று; 30 முதல் 60 ஆண்டு வரை சிறைத் தண்டனை. ஜூலையில் எஃப்பிஐ முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் விசாரணை அறிக்கை மேலிடத்தாரைக் கடுமையாகச் சாடியது. பட்டர்னோவின் குடும்பத்தார் அதை ஏற்கவில்லை, அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அவருடைய வெண்கலச் சிலை ஒரு ஞாயிறு காலை அகற்றப்பட்டது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ 6 கோடி டாலர் அபராதம் விதித்து, 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளையும் கணக்கிலிருந்து நீக்கியது.

இங்கேதான் பொதுமக்களின் எதிர்வினை மறுபடியும் தன்னை வெளிப்படுத்தியது. ‘409’ என்ற எண் பனியன்களிலும் ஒட்டுவில்லைகளிலும் ஏறியது. பறிக்கப்பட்ட வெற்றிகளை மீட்க வேண்டும் என்பது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2015 ஜனவரியில் அவை திருப்பி அளிக்கப்பட்டன. கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டதும், ஸ்பேனியர் அதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும் 2017இல்தான். ஆட்டத்தின் கணக்கு நேராகி இரண்டு ஆண்டுகள் கழித்தே பிள்ளைகளின் கணக்கு அந்த அளவுக்காவது நேராயிற்று. ஒரு சமூகம் எந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சிகிச்சைக்கு வந்த பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசரின் வழக்கு வேறுவிதமாக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஜனவரியில், தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன், பாதிக்கப்பட்டவர்களின் 156 வாக்குமூலங்கள் நீதிமன்றத்தில் ஒலித்தன. தொடக்கத்தில் 88 பேர் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஒருவர் பேசப் பேச மற்றவர்கள் துணிந்து முன்வந்தார்கள். பலர் தம் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, அந்த மனிதனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்கள். அவர்களைத் தூற்றுவது ஊருக்கு எளிதாக இருக்கவில்லை. தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். வளாகத்து மரங்களில் பாதிக்கப்பட்டவர்களின் நினைவாக நீலப்பச்சை நாடாக்கள் கட்டப்பட்டன. பென் ஸ்டேட் சிறுவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. வயதும் வறுமையும் அச்சமும் அவர்களை எண்களாக்கியிருந்தன. அப்படியும் அவர்களுள் எட்டுப் பேர் வளர்ந்த ஆண்களாகச் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

2012 ஜூன் 22 இரவு, பெல்ஃபான்ட் நகரத்து நீதிமன்றத்தின் வெளியே கூடியிருந்தவர்கள் தீர்ப்பைக் கேட்டதும் ஆரவாரம் செய்தார்கள். ஸ்டேட் காலேஜிலிருந்து அந்த நீதிமன்றம் சில மைல் தொலைவுதான். எவருடைய ஆரவாரமும் துணைக்கு இல்லாத நாளில், ஈரத் தலையோடு வந்த பிள்ளையை ஏன் என்று கேட்டுக் காவல் நிலையத்தை அழைத்த அந்தத் தாயின் மகன், அதே விசாரணையில் சாட்சி சொல்லியிருந்தான். தாய் புகார் செய்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகன் இருபது வயதைக் கடந்த இளைஞனாகியிருந்தான்.