எல் நினோ வருதாம், பூண்டு போடலாமா?

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்கள் பெரியப்பா காட்டில் நிற்கிறேன். பின்னால் படிப்படியாகத் தெரிகிறது பாருங்கள், அது முழுக்கப் பூண்டுக்காக உழுது போட்டது. இன்னும் விதைக்கவில்லை. இந்த வீடியோவுக்கே அதுதான் காரணம்.

காலையில் வாட்ஸ்அப்பில் எதையோ பார்த்துவிட்டு, "ஏத்தா, எல் நினோ வருதாம்ல. மழை இருக்காதுங்கிறான். ஆனியில பூண்டு போடவா வேணாமா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விதைப்பூண்டு விற்கிற விலைக்கு யோசிக்காமல் சொல்லவும் கூடாது.

சரி, கடலுக்குப் போவோம். கொடைக்கானல் ஏரியில் காற்று ஒரே பக்கமாக அடித்தால் இலையும் பாசியும் எதிர்க்கரையில் போய் ஒதுங்கும், பார்த்திருப்பீர்கள். பசிபிக் கடலிலும் அப்படித்தான். கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெயிலில் சூடான மேல்தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே கடல் மட்டமே தென் அமெரிக்கக் கரையைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். சூடான தண்ணீர் இருக்கிற இடத்தில் காற்று மேலே ஏறும், மேகம் கட்டும், கொட்டும். சில வருடங்களில் அந்தக் கிழக்குக் காற்று சோர்ந்துவிடும். ஒதுங்கிக் கிடந்த சூடு திரும்பக் கிழக்கே நகரும், மேகமும் அதன் பின்னாலேயே போய்விடும். இதுதான் எல் நினோ. கிறிஸ்துமஸை ஒட்டித் தண்ணீர் சூடாவதைக் கவனித்த பெரு நாட்டு மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர்.

நடுப் பசிபிக்கில் சராசரியைவிட அரை டிகிரி கூடி, சில மாதங்கள் அப்படியே நின்றாலே எல் நினோ என்று சொல்லிவிடுவார்கள். பெரியப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "அரை டிகிரியா? எங்க வீட்டு வெந்நீருக்கே அது பத்தாதே" என்றார். ஒரு அண்டா தண்ணீருக்கு அரை டிகிரி ஒன்றுமில்லைதான். இது கடல்.

மேகம் அங்கே எழும்பினால், அந்தக் காற்று வேறு எங்காவது இறங்கியாக வேண்டும். இந்தியா பக்கம் இறங்கினால் தென்மேற்குப் பருவமழை இளைத்துவிடும். 2015ல் நாடு முழுக்க அந்த மழை 14 சதவீதம் குறைந்தது. 2023ல் வந்த ஆகஸ்ட், 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். வாட்ஸ்அப் செய்தி இத்தோடு நின்றுவிடுகிறது. நம் மலைக்குக் கதையே இதற்கு அப்புறம்தான்.

பழனி மலைக்கு ஆடிச் சாரல் உண்டு. ஆனால் மேற்கே ஆனைமலை மறித்து நிற்பதால் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் முக்கியம், வங்கக்கடல் பக்கமிருந்து வருகிற மழை. எல் நினோ வருடங்களில் இந்த வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று சென்னை மூழ்கியது எல் நினோ வருடத்தில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும் எல் நினோ வருடத்தில்தான்.

இதில் இந்தியப் பெருங்கடலுக்கும் பங்கு இருக்கிறது. ஆப்பிரிக்கா பக்கம் சூடு, சுமத்ரா பக்கம் குளிர்ச்சி என்று கடல் இரண்டு பாதியாகப் பிரிந்து நிற்கும் வருடங்கள் உண்டு. இருமுனை என்கிறார்கள், 1999ல்தான் இதை அடையாளம் கண்டு எழுதினார்கள். அப்படி நின்றால் கிழக்குக் காற்று வலுத்து ஈரத்தை நம் பக்கம் தள்ளும். 1997ல் பயங்கரமான எல் நினோ. ஆனாலும் இந்தியாவின் பருவமழை தவறவில்லை, இந்த இருமுனைதான் முட்டுக் கொடுத்தது என்கிறார்கள். 2016ல் எல்லாம் தலைகீழ். எல் நினோ போய்விட்டது, இருமுனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. உடனே கணக்குப் போட்டுவிடாதீர்கள். 2021ல் எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா, ஆனால் அந்த நவம்பரில் மழை விடவே இல்லை.

(இடம் மாறிவிட்டேன். இப்போது கொடைக்கானல் சூரிய வானாய்வகத்துக்குப் பக்கத்துச் சாலை.) இதைக் காட்டாமல் எனக்கு மனசு வராது. 1876ல் தாது வருடப் பஞ்சம். மழை பொய்த்து நம் பக்கம் சனம் கொத்துக்கொத்தாகச் செத்தது. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று அப்போது தேடத் தொடங்கினார்கள். 1899ல் இந்த ஆய்வகம் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். சூரியனைப் பற்றி இங்கே நிறையக் கண்டுபிடித்தார்கள். மழைக்கான விடை மட்டும் வேறு பக்கம் இருந்தது. 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் கணக்கு வாத்தியார் மாதிரி ஆள். உலகெங்கும் எடுத்த காற்றழுத்தப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பசிபிக்கில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவது தெரிந்தது, ஒரு சீசா பலகை போல. அதைக் கடலின் சூட்டோடு பிணைத்துக் காட்டியது பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர், 1969ல். தாது வருடத்தை ஒட்டி, 1877ல், மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்று சொல்கிறார்கள். மலை உச்சியில் ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

சரி, பூண்டு. ஆனியில் போட்டால் நான்கு மாதம், ஐப்பசியில் பிடுங்க வேண்டும். பெரியப்பா பயப்படுவது விதைக்கும்போது மழை இருக்காதே என்று. அதற்கு ஓடைத் தண்ணீரைக் கட்டி எப்படியாவது ஓட்டிவிடலாம். எனக்குப் பயம் மறுமுனையில். எல் நினோ வருடத்தில் ஐப்பசி அடைமழை கூடினால், பிடுங்குகிற நேரத்தில் பூண்டு மண்ணுக்குள்ளேயே ஊறி அழுகும். காயவைக்க வெயிலும் கிடைக்காது. மழை இல்லாமல் கெடுவதைவிட, விளைந்தது கண் முன்னால் கெடுவது வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, மார்ச், ஏப்ரலில் வருகிற எல் நினோ செய்தியை அப்படியே நம்பாதீர்கள். அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கம் சாயும் என்று கணிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஜூனுக்கு அப்புறம் வருவதைக் கொஞ்சம் நம்பலாம். வடகிழக்கு மழைக்குத் தனியாக ஒரு முன்னறிவிப்பு அக்டோபரை ஒட்டி வரும், அதையும் பாருங்கள்.

இதையெல்லாம் மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பெரியப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பாதிக் காட்டுல மட்டும் போடுறேன், மீதிக்கு ஐப்பசியில பாத்துக்கலாம். நீ அந்தக் கொட்டகைக் கூரைய மாத்த ஆள் பிடி" என்றார். ஆள் தேடத்தான் இப்போது கீழே போகிறேன். பூம்பாறை பக்கம் தகரம் வேய்கிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.