கண்மாய்க்கரைப் புற்றிலிருந்து கொடைக்கானல் வரை: மலையேறும் பூஞ்சைகள்

வணக்கம் மக்களே! காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில் நிற்கிறேன். ராத்திரி இடியோடு நல்ல மழை. இந்தக் கரையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக முளைத்திருக்கிறது பாருங்கள், புற்றுக் காளான். போன வீடியோவில் கொடைக்கானல் சோலைக்காட்டை, அதாவது மலை மேலே இயற்கையாக வளர்ந்த அடர்காட்டைக் காட்டினேன் இல்லையா, அதைப் பார்த்த பலரும் கேட்டது இதுதான்: மலையில் மேலே போகப் போகக் காளான் வகைகள் கூடுமா, குறையுமா?

காளான் என்பது பூஞ்சை வெளியே விரிக்கும் குடைதான். எந்தப் பூஞ்சை எதை நம்பிப் பிழைக்கிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அதை இந்தப் புற்றிலிருந்தே தொடங்கலாம்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். குடையின் நடுவில் கூராக ஒரு முனை தெரிகிறதா? மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தது அந்த முனைதான். இப்போது தண்டைச் சுற்றி மண்ணை மெதுவாகத் தள்ளுகிறேன். தண்டு முடியவே இல்லை பாருங்கள், வேர் மாதிரி கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம் புற்றுக்குள் கரையான் கட்டிய பூஞ்சைத் தோட்டம். கரையான் மென்று கொண்டுவந்து போடும் இலை, சருகு, மரத்தூளை இந்தப் பூஞ்சை செரித்துக் கொடுக்கிறது. கரையான் இல்லாமல் இந்தக் காளான் இல்லை. ஆனால் கரையானுக்குக் குளிர் ஆகாது. மலை ஏற ஏறக் கரையான் வகைகள் குறையும், கூடவே இந்தக் காளானும் குறையும். அதாவது நம் ஊர்ப் பக்கம் மழை விட்டதும் குழம்பு வைக்கிற இந்தக் காளானுக்கு மலை மேலே வாழ்வு கஷ்டம்.

சரி, இங்கிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறோம் என்று வையுங்கள். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைத் தாண்டாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். நடுவில் மேகம் வந்து படியும் பட்டை ஒன்று உண்டு, அங்கே ஈரம் காய்வதே அபூர்வம். மேலே குளிரில் சருகு மட்க நாளாகும், அதனால் மண் கறுத்துப் பஞ்சு மாதிரி அடுக்கடுக்காகச் சேரும். சருகையும் கட்டையையும் மட்க வைக்கிற பூஞ்சைகளுக்கு ஈரம், குளிர், மண்ணின் புளிப்பு, எந்த மரத்து இலை விழுகிறது என்பது எல்லாமே கணக்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைகளின் கதை. இதில் இரண்டு பெரிய கூட்டம். ஒன்று வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து வாழும், குடை விரிக்காது. நெல், தென்னை, சோலை மரங்களில் பெரும்பாலானவை எல்லாம் இதோடுதான் கூட்டு. இன்னொன்று வேர் நுனிக்கு உறை மாட்டிவிடும்; பைன், ஓக், யூகலிப்டஸ் வேர்களில் பார்க்கலாம். இந்த உறைப் பூஞ்சைகளை ஜப்பானின் ஃபூஜி மலையில் உயரவாரியாக ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அங்கே வகைகள் அதிகம் இருந்தது மலையின் நடு உயரத்தில்.

ஏன் நடுவில்? ஒரு காரணம் வெறும் இட நெருக்கம். நம் வீட்டு வளவில் நீளமும் குட்டையுமாகப் பாய்களை இஷ்டத்துக்கு விரித்தால், நடுப்பகுதியில்தான் ஒன்றின்மேல் ஒன்று அதிகமாக ஏறும். ஒவ்வொரு பூஞ்சைக்கும் மலையில் இந்த உயரத்திலிருந்து அந்த உயரம் வரை என்று ஓர் எல்லை இருக்கிறது. அடிவாரமும் உச்சியும் இரண்டு பக்கமும் தடுப்பதால் எல்லைகள் நடுவில் ஒன்றோடொன்று மேவுகின்றன.

மரவகை அதிகம் இருந்தால் பூஞ்சை வகையும் அதிகம் இருக்கும் என்று நாம் சுலபமாக நினைத்துவிடுகிறோம். அதே 2014-ல் உலகம் முழுக்க 365 இடங்களில் மண் எடுத்து, அதிலிருந்த டிஎன்ஏவைப் படித்த பெரிய ஆய்வு ஒன்று வந்தது. செடிவகையின் எண்ணிக்கையை வைத்துப் பூஞ்சை வகையைக் கணிக்க முடியாது, பெரும்பாலும் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. உறைப் பூஞ்சைகள் வெப்ப மண்டலத்தைவிட மிதக்குளிர்க் காடுகளில்தான் அதிக வகையாக இருக்கின்றன.

கொடைக்கானலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்கிற வேல வகை மரம் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வெளி மரத்தோடு வேர்ப் பூஞ்சையும் வந்து குடியேறியிருக்கிறது. பைன் தோப்பில் கூடை நிறையக் காளான் பார்த்துவிட்டு, மலை செழிப்பாக இருக்கிறது என்று சொல்வது தப்பு. பக்கத்துச் சோலையின் மண்ணுக்குள் கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் அந்த மலையின் சொந்தச் சொத்து. சோலையை அழித்து மரம் நட்டால் போகிற கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும், இதுவரை யாரும் சேர்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆல்ப்ஸ் மலையில் பல பத்தாண்டுப் பதிவுகளை ஒப்பிட்ட 2020 ஆய்வு, காளான்கள் முளைக்கும் உயரம் மேல்நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்டுகிறது. கொடைக்கானல் இருக்கும் நம் பழனி மலைத்தொடரில் சோலைகள் ஏற்கெனவே உச்சிப் பக்கம்தான். இன்னும் மேலே போக எவ்வளவு இடம் இருக்கிறது?

மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காளானைப் படம் எடுத்தால் மேல்பக்கம் மட்டும் எடுக்காதீர்கள், குடைக்கு அடியில் இருக்கும் மடிப்பு, தண்டின் அடி, பக்கத்து மரம் எல்லாம் வரட்டும். போனில் இருக்கும் உயரக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத காளானைச் சமைக்க வேண்டாம். பைன் அடியில் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்திருப்பது விஷம். அடுத்த வீடியோ திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில், அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டே எடுக்கிறேன்.