நம்ம ‘மாதிரி’யும் அவர்கள் ‘லைக்’கும்

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் வந்திருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம்.

குறுக்குத்துறையில் குளித்துவிட்டுப் படியேறுகிறோம். மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ‘மழை வரும் போலருக்கு’ என்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால், ‘இட் லுக்ஸ் லைக் ரெயினிங்’ என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லாமல் இருந்ததில்லை. அவரைத் திட்டிப் பயனில்லை. தமிழில் சரியாக யோசித்ததால் வந்த தப்பு அது.

நம்முடைய ‘போல’ எதன் பின்னாலும் போய் உட்காரும். மழை போல, வரும் போல, கோபமாக இருப்பது போல. பெயர், வினை, முழு வாக்கியம், எல்லாம் அதற்கு ஒன்றுதான். நன்னூலார் பன்னிரண்டு உவம உருபுகளைச் சொல்கிறார். தொல்காப்பியத்தில் எண்ணினால் முப்பத்தாறு. இன்றைய பேச்சில் அத்தனை பேர் வேலையையும் ‘போல’வும் ‘மாதிரி’யும் இரண்டே பேராகப் பார்த்துக்கொள்கின்றன.

ஆங்கிலம் அப்படி விடாது. ‘லுக்’ என்ற வினைக்குப் பிறகு யார் வருகிறார் என்று பார்த்துத்தான் கதவைத் திறக்கும். ‘டயர்ட்’, ‘ஹேப்பி’ போன்ற உரிச்சொல் வந்தால் தனியாகவே உள்ளே போகலாம்: ‘ஷி லுக்ஸ் டயர்ட்’. பெயர்ச்சொல் வந்தால் கூட ‘லைக்’ வர வேண்டும்: ‘ஷி லுக்ஸ் லைக் எ டீச்சர்’. ‘லுக்ஸ் லைக் டயர்ட்’ என்பது நாம் ‘மாதிரி’யைக் கையோடு எடுத்துப் போனதால் வருகிறது. முழு வாக்கியம் வந்தால் ‘அஸ் இஃப்’. பேச்சில் ‘லைக்’கும் நடக்கும். ஆகவே மழைக்கு, பெயர்ச்சொல்லாக, ‘இட் லுக்ஸ் லைக் ரெயின்’. இல்லையென்றால் ‘இட் லுக்ஸ் அஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெயின்’. முதலாவது சின்னது, அழகானது. குடை எடுக்கிற அவசரத்தில் அதுவே போதும்.

அடுத்தது ‘எப்படி’. ‘உங்க அக்கா பார்க்க எப்படி இருப்பாங்க?’ என்பதை அப்படியே தூக்கிப் போட்டு ‘ஹவ் டஸ் ஷி லுக் லைக்?’ என்று கேட்கிறோம். ‘லைக்’ இருந்தால் ‘வாட்’ வேண்டும்: ‘வாட் டஸ் ஷி லுக் லைக்?’ இதற்குப் பதில் உயரம், நிறம், சுருட்டை முடி. ‘ஹவ் டஸ் ஷி லுக்?’ என்றால் இந்த நேரத்தில் எப்படி இருக்கிறாள் என்பது. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்த்து வந்தவரிடம் கேட்கலாம், புதுச் சேலை கட்டி வந்தவரைக் காட்டியும் கேட்கலாம். இனி மூன்றாவது, ‘வாட் இஸ் ஷி லைக்?’ இதில் ‘லுக்’ இல்லை. ஆள் எப்படிப்பட்டவர், குணம் என்ன என்ற கேள்வி.

இந்த மூன்றாவதில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். ‘வாட் இஸ் யுவர் ஹெட்மாஸ்டர் லைக்?’ என்று அன்பாகக் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்து, ‘காபி, மேடம். அண்ட் அல்வா’ என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குத்தான் ரொம்ப நாள் வெட்கப்பட்டேன்.

‘கோபமாகப் பார்த்தான்’, ‘கோபமாகத் தெரிந்தான்’. நமக்கு இரண்டிலும் ‘ஆக’தான், வினைதான் வேறு. ஆங்கிலத்தில் வினை ஒன்றே, ‘லுக்ட்’. வித்தியாசம் வால் பக்கம் இருக்கிறது. ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மி’ என்றால் கண்ணை உருட்டினான். ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவன் முகத்தில் கோபம் தெரிந்தது, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

‘சீம்’ என்ற வினையை ‘எனக்குத் தோணுது’ என்று வைத்துக்கொண்டால் ஒரு வசதி உண்டு. ‘இட் சீம்ஸ் டு மி’ என்பதில் உள்ள ‘டு’, நம் நான்காம் வேற்றுமை ‘கு’வேதான். நமக்குப் பின்னால் ஒட்டுவது அவர்களுக்கு முன்னால் நிற்கிறது. நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் தனிக்குணங்களில் ஒன்றாக இதையும் எடுத்துக் காட்டினார்.

ஆனால் ‘இட் சீம்ஸ்’ நம்மிடம் வந்து வேறு வேலையும் பார்க்கிறது. ‘அவர் ஊருக்குப் போயிட்டாராம்’ என்பதை ‘ஹி ஹேஸ் கான் டு ஹிஸ் நேட்டிவ், இட் சீம்ஸ்’ என்கிறோம். அந்த ‘ஆம்’ எவ்வளவு சின்னது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது! ‘நான் பார்க்கலை, சொன்னாங்க, பொய்யானா என்னைப் பிடிக்காதீங்க’ என்பதையெல்லாம் ஓர் அசையில் சொல்லிவிடுகிறது. அதை விட மனமில்லாமல் ‘இட் சீம்ஸ்’ஸைப் பிடித்து ‘ஆம்’ ஆக்கிக்கொண்டோம். கேட்கிற ஆங்கிலேயரோ, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நாமே ஊகித்துச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் ‘ஐ ஹியர்’ அல்லது ‘அப்பேரன்ட்லி’ என்று சொல்லுங்கள். நமக்குள் பேசும்போது ‘இட் சீம்ஸ்’ இருந்துவிட்டுப் போகட்டும். அது நாம் அந்த மொழிக்குக் கொடுத்த சீர்.

‘சீம்’ பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கொஞ்சம் கவனம். ‘ஹி சீம்ஸ் எ நைஸ் மேன்’ சரி. ‘ஹி சீம்ஸ் எ டாக்டர்’ இடிக்கும். நல்லவன் என்பது நம் அபிப்பிராயம். டாக்டர் என்பது பட்டம், உண்டு அல்லது இல்லை. அங்கே ‘சீம்ஸ் டு பி எ டாக்டர்’ என்று ‘டு பி’ வைக்க வேண்டும்.

சாடைக்கு வருவோம். ‘அப்பாவைப் போல’, ‘அப்பாவை ஒத்திருக்கிறான்’ என்று நாம் ‘ஐ’ போடுகிறோம். ‘ரிசெம்பிள்’ வினையும் நேராகவே பிடிக்கும்: ‘ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்’. ‘டு’ கிடையாது. அதே சொல் பெயராக மாறிவிட்டால் ‘டு’ வந்துவிடும்: ‘எ ரிசெம்பிளன்ஸ் டு ஹிஸ் ஃபாதர்’. ‘டேக் ஆஃப்டர்’ குடும்பத்துக்குள் மட்டும். பிள்ளை தாத்தாவை ‘டேக் ஆஃப்டர்’ செய்யலாம், தாத்தா பேரனைச் செய்ய முடியாது. நடிகரைப் போல முடி வெட்டிக்கொண்ட பையனுக்கும் இந்தச் சொல் பொருந்தாது.

‘அப்பியர்’ பற்றிச் சுருக்கமாக. கோர்ட்டில் ஆஜராவது ‘அப்பியர் பிஃபோர்’. வக்கீல் கட்சிக்காரருக்காக நிற்பது ‘அப்பியர் ஃபார்’. பரீட்சைக்கு ‘அப்பியர் ஃபார்’ சொல்வது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தில் ‘சிட்’ அல்லது ‘டேக்’ என்பார்கள்.

இதன் பெயர்ச்சொல்லான ‘அப்பியரன்ஸ்’ஸில் எனக்குப் பிடித்த ஒரு தொடர் உண்டு: ‘புட் இன் அன் அப்பியரன்ஸ்’. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, பந்திக்கு நிற்காமல் கிளம்புகிறோமே, ‘சும்மா தலையைக் காட்டிட்டு வந்தேன்’ என்று, அதேதான். இதற்கு உதாரணம் தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த நாலு அண்ணாச்சிமார் எழுந்துபோய்க் கால் மணி நேரம் ஆகிறது.