வீட்டுக்கு முன்னால் குழாய்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் அரசாங்க வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உங்கள் சொந்தத்திலும் இருப்பார்கள், அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்லும் சிமெண்டும் எப்படியாவது வந்துவிடும், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும்தான் வருவதில்லை. வீடுகள் பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

1964-ல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் ஆட்களைக் குடியேற்ற ஆரம்பித்தார்களே, அப்போது நிலத்தை எடுத்ததும், வீடு கட்டியதும், வாடகை வசூலித்ததும் எல்லாமே டர்பன் கார்ப்பரேஷன்தான். 1976 மார்ச்சில் உம்கேனி ஆறு பெருகி, கரையில் இருந்த டின் டவுன் தகரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது, அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸ் என்ற புதுக் குடியிருப்புக்குக் கொண்டு போனார்கள். அந்தக் காலத்தை நான் புகழவில்லை. கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் தலைமுறை தலைமுறையாக இருந்த நம் ஜனங்களை இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டிக் கிளப்பி அனுப்பினார்கள், வாழைத் தோட்டம் வைத்திருந்தவர்களின் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அந்த வலி இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. ஆனால் வேலை ஒரே கையில் இருந்தது.

இன்றைக்கு அப்படி இல்லை. மத்திய அரசு வீடு கட்டக் கொடுக்கும் மானியம் மாகாணத்துக்குப் போகிறது, குழாய்க்கும் சாலைக்குமான மானியம் நேராக டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சிக்கு வருகிறது, அப்புறம் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். அப்படிச் சேருவது சுலபமில்லை. ஒரு பக்கம் சுவர் எழும்பி நிற்கும், குழாயில் தண்ணீர் வராது. இன்னொரு பக்கம் குழாய் பதித்துவிடுவார்கள், காண்ட்ராக்டர் வேலையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார், ஏனென்றால் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஒரு கும்பல் வந்து சைட்டையே மூடிவிட்டிருக்கும்.

நம் ஊர் மேடும் பள்ளமும்தான், உங்களுக்குத் தெரியும். 40 சதுர மீட்டர் வீடு ஒன்று வைக்கக்கூட மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பின்னால் தாங்குசுவர் கட்டி, மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் விட வேண்டும். பெரேயா பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், நல்ல மழை பிடித்தால் பொலபொலவென்று கரைந்துவிடும். இதற்கெல்லாம் ஆகிற செலவு சுவருக்கும் கூரைக்கும் ஆகிறதைத் தாண்டிப் போகலாம், ஆனால் மேடையில் அறிவிக்கும்போது வீட்டின் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, ஏற்கெனவே வீடு இருந்தவர்களே மாதக்கணக்கில் வாளியும் கேனும் எடுத்துக்கொண்டு டேங்கர் லாரிக்குப் பின்னால் நின்றார்கள். கழிவுநீர் நிலையங்களும் பழுதாகி, கடற்கரைகளை மூட வேண்டி வந்தது. இருக்கிற வீடுகளின் கழிவையே தாங்க முடியாத குழாயில் இன்னும் ஆயிரம் வீட்டை எப்படிச் சேர்ப்பது? முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், அதுவரை தற்காலிக முகாமில் தகரச் சுவருக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களிடம் உண்மையான தேதியைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளைக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விட்டு வருஷக்கணக்கில் விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வரவு செலவுத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டாக வேண்டும், அது சட்டம். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் நடக்கும். தயவுசெய்து போங்கள், அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் வார்டில் எத்தனை வீடு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வீடுகளின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகும், அங்கே இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது, குழாய்ப் பணம் எந்த வருஷக் கணக்கில் இருக்கிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள், பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.