கரும்பலகையில் எட்டு வரி

வணக்கம் நேயர்களே.

இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததா? வரவில்லை என்றால், வராது என்று நேற்றே யாராவது உங்களிடம் சொன்னார்களா? இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் ஒரு பேரூராட்சியில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. பதினெட்டு வருடம் அதில் தினமும் ஊர்ச் செய்தி எழுதினேன். எந்தத் தெருவில் இன்று தண்ணீர், எங்கே மின்தடை, சொட்டு மருந்து எந்தப் பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்துவிட்டதா, இவ்வளவுதான். எட்டு வரிக்கு மேல் போகாது. எட்டு வரி என்றால் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றியபடியே படித்துவிடலாம்.

அது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். ஒரு வைகாசி மாதம். பெரிய குழாய் உடைந்து இரண்டு நாள் ஊருக்கே தண்ணீர் இல்லை. அறிவிப்பு வைக்காமல் இல்லை. அலுவலகச் சுவரில் முத்திரை குத்திய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஆனால் எங்கள் ஊரின் கடைசித் தெரு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அந்தத் தெருவிலிருந்து ஓர் அக்கா, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், நூலகக் குழாயிலாவது வருமா என்று கேட்டு வந்தார். மறுநாள் அவர் மகளுக்கு வளைகாப்பு. வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "குழாய்னா உடையத்தான் செய்யும் சார். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்டா குண்டா எல்லாம் ரொப்பி வச்சிருப்பேனே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பலகை. அன்று சாயங்காலமே பழைய பலகை ஒன்றைத் துடைத்து, கறுப்பு பூசி, வாசலில் மாட்டினேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் எப்படி எழுதுவது என்பதே பெரிய விஷயம் என்று புரிந்தது. மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். இன்ன துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல், இன்னின்ன ஊர்கள், 'அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று முடியும். அந்தச் சுற்றியுள்ள பகுதியில் நம் தெரு இருக்கிறதா இல்லையா? நான் லைன்மேனிடம் கேட்டுக்கொண்டு, 'பிள்ளையார் கோவில் தெரு, தைக்கால் தெரு, பஸ் ஸ்டாண்டுக்கு வடக்கே முழுவதும்' என்று எழுதுவேன். ஊரில் யாரும் பீடர் என்கிற மின்பாதையின் பெயரைச் சொல்லி வழி கேட்பதில்லை, தெருப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

காலையில் முதல் ஆளாக வந்து பார்ப்பவர் மாவு மில்காரர். கரண்ட் இல்லை என்று தெரிந்தால், அரிசி ஊற வைக்க வேண்டாம் என்று வருகிறவர்களிடம் முந்தைய நாளே சொல்லி அனுப்பிவிடுவார். அப்புறம் தையல்காரர். அப்புறம் ஒரு பாட்டி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பான், பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் கேட்டுக்கொள்வார்கள். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் காய்ந்ததும் எழுத்து பளிச்சென்று நிற்கும். அந்தப் பாட்டி நிற்கும் தூரத்திலிருந்து பையனுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காகக் கற்றுக்கொண்டது அது.

இன்னொன்று. தண்ணீர் வராது என்று சொல்கிறோம். வந்துவிட்டது என்று யார் சொல்வது? கெட்ட செய்தியை அறிவித்துவிட்டு நல்ல செய்தியை விட்டுவிடுகிறோம். குழாயடியில் வெறும் குடத்தோடு காத்திருப்பவருக்கு 'நாலு மணிக்குத் திறக்கிறார்கள்' என்பது எவ்வளவு பெரிய செய்தி! அதையும் எழுத வேண்டும். முடிந்துபோன செய்தியை அழிக்கவும் வேண்டும். நேற்றைய வரி பலகையில் கிடந்தால் நாளைக்கு எழுதுவதையும் நம்ப மாட்டார்கள்.

சரி, தண்டோராவுக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, இனி தண்டோரா போடும் வழக்கம் வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். முழு மனதோடு வரவேற்கிறேன். ஒரு சமூகத்து மனிதரை மட்டும் வெயிலில் பறையடிக்க வைத்து ஊர் தகவல் தெரிந்துகொண்டது என்றோ போயிருக்க வேண்டிய வழக்கம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்டோரா போட்டவர் ஒவ்வொரு முக்கிலும் நின்றார், சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். இப்போது வருகிற ஆட்டோ, 'பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு' என்பது காதில் விழுவதற்குள் தெரு முனையைத் தாண்டிவிடுகிறது. முக்குக்கு முக்கு நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், இரண்டு தடவை சொல்லுங்கள். இதற்குப் பணம் செலவில்லை.

ஒலிபெருக்கி என்றதும் எனக்கு நல்லவாடு நினைவுக்கு வரும். புதுச்சேரிக் கடற்கரைக் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்திருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுனாமி செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் அதற்குள் வரத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் பிழைத்தது. அந்த ஒலிபெருக்கி அன்றுதான் முதன்முதலில் பேசியிருந்தால் ஓடியிருப்பார்களா? தினசரிச் சின்னச் செய்தியைச் சரியாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த நம்பிக்கை அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னும் வாட்ஸ்அப் இருக்கிறது, கூட்டங்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் செய்தி போடுகிறவர்கள் 'நாளை மின்தடை' என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து வந்து சேர்கிறவருக்கு அது எந்த நாளை? தேதியும் கிழமையும் போடுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபை கூடுகிறது. போய், 'தண்ணீர் வராத செய்தி எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேரும்?' என்று கேளுங்கள்.

கரண்ட் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண்: 94987 94987. வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், 94987 94987. அப்புறம் 1077.

வணக்கம்.