கோப்பர்நிக்கஸ் படித்த நான்கு ஊர்கள்

அவையோருக்கு வணக்கம். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பேசச் சொன்னார்கள். வானியலாளர் கோப்பர்நிக்கஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போலந்தின் கிராக்கோவில் படிப்பைத் தொடங்கினார். அப்புறம் இத்தாலி போனார். போலோன்யாவில் சட்டம், புனித அந்தோனியாரின் பதுவையில் மருத்துவம். டாக்டர் பட்டத்தை மட்டும் 1503இல் ஃபெராராவில் வாங்கினார். அங்கே செலவு குறைவு என்பதே காரணமாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. மாணவர்கள் அன்றும் மாணவர்கள்தான்!

இப்படி ஊர் ஊராகப் படிக்க முடிந்தது, எங்கும் பாடம் லத்தீனில் நடந்ததால். போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பட்டம் வாங்கியவர் எங்கும் கற்பிக்கலாம் என்ற விதியும் இருந்தது. பாரிஸ் போன்ற பெரிய இடங்கள் வெளியாரை மறுபடி சோதித்துப் பார்த்தது வேறு கதை. பிறகு சமயப் பிளவும் தேசிய அரசுகளும் வந்து அந்த வழக்கம் தேய்ந்தது.

1985இல் சில பழைய பல்கலைக்கழகங்கள் கூடி கோயிம்பிரா குழுவைத் தொடங்கின. போர்ச்சுகலில் 1290இல் பிறந்த பல்கலைக்கழகத்தின் பெயர் அது. 1988இல் போலோன்யாவின் 900ஆம் ஆண்டு விழாவில் 388 பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒரு பொதுச் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள்.

விழாவும் அங்கியும் சரி. ஜெர்மனியின் யேனாவில் படிக்கும் பெண் ஓர் அரையாண்டு ஸ்பெயினின் சலமான்காவில் படித்துவிட்டுத் திரும்பினால், அந்தப் பாடங்கள் கணக்கில் சேருமா? என்னைக் கேட்டால் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பேராசிரியர் மனம் வைத்தால் சேரும். 1989இல் படிப்பின் அளவைக் கணக்கிடும் பொது கிரெடிட் முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. கிளம்புவதற்கு முன்பே எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று எழுதி, மாணவியும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட வேண்டும். பார்க்க அலுவலக ஃபாரம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் பழம்பெருமை எதுவும் அவளுக்கு உதவாது.

அரசியல் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2021இல் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸிலிருந்து வெளியேறியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகமோ போலோன்யா, பெல்ஜியத்தின் லூவன், கிராக்கோ பல்கலைக்கழகங்கள் இருக்கும் ‘உனா யூரோப்பா’ கூட்டணியை விட்டுப் போகவில்லை. நல்லதுதான். ஆனால் உறவு வேறு, கட்டணம் வேறு. முன்பு ஸ்காட்லாந்தில் ஐரோப்பிய ஒன்றிய மாணவருக்கு இளநிலைப் படிப்பில் கல்விக் கட்டணம் இல்லை. இன்று போலோன்யாவிலிருந்து எடின்பரோவுக்குப் பட்டப்படிப்புக்கு வருகிறவர், பொதுவாக வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும்.