தலைமயிரைப் பிடித்து இழுத்த தேவி

நேயர்களுக்கு வணக்கம். பண்டைக் கிரேக்கக் கவி ஹோமர் டிராய்ப் போரைப் பாடிய இலியட் காவியத்தில் 24 காண்டங்கள் இருக்கின்றன. எனக்கோ முதல் காண்டத்தைத் தாண்டவே மனம் வருவதில்லை.

பலர் கூடிய சபை. கிரேக்கப் படையின் பெரும் வீரன் அக்கிலீஸ் போரில் பரிசாகப் பெற்ற பிரிசெய்ஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்ளப்போவதாக, படைத்தலைவனான அரசன் அகமெம்னன் சொல்கிறான். அக்கிலீசின் கை வாளுக்குப் போகிறது. வாள் உறையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அறிவின் தேவி அதீனா பின்னால் வந்து நின்று, அவன் தலைமயிரைப் பற்றி இழுக்கிறாள். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள், வேறெவருக்கும் தெரியவில்லை.

ஓங்கிய கை பாதியில் நின்றுபோன அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் அதீனா என்பது அவனுடைய புத்திதான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. புத்தி மயிரைப் பிடித்து இழுக்காது! அவளைத் தேவர்களின் அரசி ஹீரா அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு மின்னும் கண்கள் இருக்கின்றன. ஆனால் என்ன சொல்கிறாள், கவனியுங்கள்: 'நீ கேட்பாயானால், உன் சினத்தை நிறுத்த வந்தேன்.' கேட்பாயானால்! தெய்வம் கட்டளையிடவில்லை, கேட்டுப்பார்க்கிறது. வாளை உறையில் போடுவது அவன்தான். வாயால் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள் என்று அனுமதியும் தருகிறாள். அவனும் 'குடிகாரா, நாய்க் கண்ணா, மான் நெஞ்சா' என்று குறைவில்லாமல் திட்டித் தீர்க்கிறான்.

இந்தத் தெய்வங்களுக்குச் சாவு இல்லை. ஐந்தாம் காண்டத்தில் டயோமிடீஸ் என்ற கிரேக்க வீரனின் ஈட்டி, காதல் தேவி அப்ரோடைட்டியின் கையைக் கிழிக்கிறது. அழுதுகொண்டே தாயின் மடியில் போய் விழுகிறாள்; தாய் துடைத்துவிட, காயம் ஆறிவிடுகிறது. பதினாறாம் காண்டத்தில் ஜீயசின் மகன் சார்பிடன் சாகப்போகிறான். அவன் மனிதன். காப்பாற்றலாமா என்று தேவர்களின் அரசனான ஜீயசே தயங்குகிறான். 'செய்து பார், பிறகு ஒவ்வொரு தேவனும் தன் மகனுக்காக வந்து நிற்பான்' என்கிறாள் ஹீரா. ஜீயஸ் இரத்த மழை பொழிவிக்கிறான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். உறக்கமும் மரணமும் அந்த உடலை அவன் நாடான லிசியாவுக்குத் தூக்கிச் செல்கின்றன.

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியைப் பற்றி நிறையக் குறித்து வந்திருந்தேன்; கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டிராய்ப் போருக்குப் போன அதன் நாயகன் ஒடிசியஸ், இருபது ஆண்டுகளுக்குப் பின் தன் தீவின் கரையில் நிற்கிறான். இடையன் உருவில் வந்தவள் அதீனா என்று தெரியாமல், தான் யாரென்று நீளமாக ஒரு பொய்யைச் சொல்கிறான். அவள் சிரித்தபடி அவனைக் கையால் வருடிக்கொடுக்கிறாள். வணக்கம்.